நில அதிர்வுப் பதிவுகளை ஃபார்மட் மாற்றுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நிலநடுக்கத் தரவோடு முதன்முதலில் வேலை செய்பவர்களுக்குத் தலைவலி வழக்கமாக இப்படித்தான் வரும். தரவு மையத்திலிருந்து இறக்கிய ஃபைல் மினிசீட் ஃபார்மட்டில் இருக்கும். கையில் உள்ள மென்பொருளோ, புராஜெக்டுக்கு வழிகாட்டும் பேராசிரியரோ சாக் ஃபார்மட்டில்தான் கேட்பார்கள். இல்லையென்றால் ஜப்பானிலிருந்து ஒரு எழுத்துக் கோப்பு கிடைத்திருக்கும். உள்ளே எண்கள் வரிசை வரிசையாக நிற்கும், என்ன அலகு என்று புரியாது.

மாற்றுவதற்கு இரண்டு வரி நிரல் போதும். அந்த இரண்டு வரியும் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடிவிடும் என்பதுதான் ஆபத்து. நேரம் 15 வினாடி தள்ளிப் போயிருக்கலாம். அலகு காணாமல் போயிருக்கலாம். பதிவில் விட்டுப்போன அரை நிமிடம் பூஜ்யங்களால் நிரம்பியிருக்கலாம். நிரல் வாயே திறக்காது, வரைபடமும் பார்க்க நன்றாகவே வரும். அதனால் மாற்றும் கட்டளையைப் பற்றி இங்கே கொஞ்சம்தான் சொல்கிறேன். மாற்றும்போது எது தொலைகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கே அதிக இடம்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு உண்மையான பதிவுகள். ஒன்று, 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கம், இலங்கையில் கண்டிக்கு அருகே பல்லேகலை நிலையத்தில் பதிவானது. இன்னொன்று, 2011 மார்ச் 11 தோஹோகு நிலநடுக்கம், ஜப்பானின் கே-நெட் வலையமைப்பில் பதிவானது.

எந்த ஃபார்மட்டுக்குள் என்ன இருக்கிறது

மினிசீட் தரவு மையங்களுக்காக உருவானது. ஃபைல் முழுக்கச் சிறு சிறு துண்டுகளாக இருக்கும். ஒரு துண்டு பெரும்பாலும் 512 பைட் அல்லது 4096 பைட். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் 48 பைட் ஹெடர் வரும். வலையமைப்பு, நிலையம், இடக்குறியீடு, சேனல் ஆகிய நான்கு பெயர்களும், தொடங்கும் நேரமும், எத்தனை சாம்பிள் (ஒரு கணத்தில் கருவி அளந்த ஓர் எண்) என்பதும் அதில்தான் இருக்கும். அப்புறம் ஸ்டைம் முறையில் சுருக்கிய முழு எண்கள். ஒரே ஃபைலில் பல சேனல்கள் இருக்கலாம், நடுவில் இடைவெளி விழுந்திருக்கலாம், எல்லாம் செல்லும். ஆனால் நிலையம் எந்த அட்சரேகையில் இருக்கிறது, கருவி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, அந்த எண்ணுக்கு என்ன அலகு என்பதெல்லாம் மினிசீடில் கிடையாது. அவை ஸ்டேஷன்எக்ஸ்எம்எல் என்ற தனி ஃபைலில் வரும். இந்த இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சாக் ஃபார்மட் 1980களில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்தது. தன் கணினியில் உட்கார்ந்து பதிவுகளை ஆராய்பவருக்காகச் செய்தது. ஒரு ஃபைலில் ஒரே ஒரு சேனல், இடைவெளி இல்லாத ஒரே தொடர்ச்சி. தொடக்கத்தில் 632 பைட் ஹெடர். நிலையத்தின் இடம், நிலநடுக்கத்தின் இடம், ஆழம், பி அலை (முதலில் வந்துசேரும் அதிர்வலை) வந்த நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி ஒதுக்கியிருப்பார்கள். நிரப்பாத பெட்டியில் −12345 என்ற எண் நிற்கும். வரைபடத்தில் தூரம் அபத்தமாக வந்தால் முதலில் தேட வேண்டியது அந்த எண்ணைத்தான். சாம்பிள்கள் 32 பிட் தசம எண்களாக இருக்கும்.

ஆக, மினிசீடிலிருந்து சாக்குக்குப் போகும்போது இல்லாத தகவலை நாம் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். திரும்பி வரும்போது இருக்கும் தகவல் உதிர்ந்துபோகும். இது மனதில் பதிந்துவிட்டால் கீழே வரும் படிகளுக்கான காரணம் தானாகவே விளங்கும்.

படி 1: கருவியை நிறுவுதல்

பைத்தான் மொழியில் இயங்கும் ஆப்ஸ்பை என்ற இலவச நூலகத்தையே பரிந்துரைப்பேன். ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. நாம் பேசப்போகும் ஃபார்மட்டுகள் எல்லாவற்றையும் அது படிக்கும், பெரும்பாலானவற்றை எழுதவும் செய்யும். கோண்டா என்ற நிறுவும் கருவி மூலம் தனிச் சூழல் ஒன்று உருவாக்கி, கோண்டா-ஃபோர்ஜ் களஞ்சியத்திலிருந்து நிறுவுங்கள். ஏற்கெனவே இருக்கும் பைத்தானில் திணித்தால் நம்பை என்ற கணக்கீட்டு நூலகத்தின் பதிப்புகள் மோதிக்கொள்ளும்.

ஆயிரக்கணக்கான மினிசீட் ஃபைல்களை மொத்தமாக சாக்காக மாற்ற வேண்டுமென்றால் எம்சீட்2சாக் என்ற சின்ன கட்டளை நிரல் வேகமானது. முன்பு ஐரிஸ் என்று இருந்து இப்போது எர்த்ஸ்கோப் ஆகியிருக்கும் அமைப்பு வெளியிடுவது. கற்றுக்கொள்ளும் கட்டத்தில் அது வேண்டாம், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது.

கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆப்ஸ்பை ஆவணத்தில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலில் தட்டிக்கொள்ளுங்கள்.

படி 2: மூலத் தரவை இறக்குதல்

பல்லேகலை நிலையத்தின் குறியீடு பிஏஎல்கே (PALK), வலையமைப்புக் குறியீடு ஐஐ (II). நமக்கு வேண்டிய சேனல் பிஎச்இசட் (BHZ). முதல் எழுத்து அகலப்பட்டைப் பதிவு என்பதையும், இரண்டாவது உணர்திறன் மிகுந்த நிலநடுக்கமானி என்பதையும், மூன்றாவது செங்குத்துத் திசை என்பதையும் குறிக்கும். தரவு மையத்திடம் கேட்டு வாங்கும் ஆப்ஸ்பையின் எஃப்டிஎஸ்என் கிளையன்ட் வழியாக யுடிசி (உலகப் பொது நேரம்) 00:55 முதல் 01:55 வரை ஒரு மணி நேரத் தரவைக் கேளுங்கள். அதோடு அதே நிலையத்தின் ஸ்டேஷன்எக்ஸ்எம்எல்லையும் ரெஸ்பான்ஸ் (நில அசைவைக் கருவி எப்படி எண்ணாக்குகிறது என்ற தகவல்) அளவு விவரத்தோடு கேட்டு வாங்குங்கள். இறக்கியதும் இரண்டையும் "மூலம்" என்ற தனி அடைவில் போட்டு, எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். இனி செய்வதெல்லாம் நகலில்தான்.

நேரத்தைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சுமத்ரா நிலநடுக்கம் தொடங்கியது யுடிசி 00:58:53. இந்திய நேரப்படி காலை 6:28:53. இலங்கையிலும் அதே நேரம்தானே என்று இன்று நினைக்கத் தோன்றும். ஆனால் 2004இல் இலங்கைக் கடிகாரம் யுடிசியைவிட 6 மணி நேரம் முன்னே இருந்தது. ஐந்தரை மணிக்குத் திரும்பியது 2006 ஏப்ரலில்தான். எனவே அன்று கண்டியில் மணி 6:58:53. உள்ளூர் நேரத்தில் எழுதிய பழைய குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய வித்தியாசத்தைக் கழித்தால் அரை மணி நேரம் பிசகும். ஃபைலுக்குள் எப்போதும் யுடிசி மட்டுமே இருக்கட்டும்.

படி 3: மாற்றும் முன் பார்த்தல்

ரீட் கட்டளையால் ஃபைலைத் திறந்து, கிடைக்கும் ஸ்ட்ரீமை (பதிவுத் தொடர்ச்சிகளின் தொகுப்பு) அச்சிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தொடர்ச்சிக்கும் ஒரு வரி வரும். ஒரே சேனலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரி வந்தால் நடுவில் இடைவெளி இருக்கிறது அல்லது அமைப்பு ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். கெட்-கேப்ஸ் கட்டளை எங்கே, எவ்வளவு நேரம் என்று பட்டியல் தரும்.

தொடங்கும் நேரம், முடியும் நேரம், வினாடிக்கு எத்தனை சாம்பிள், மொத்தம் எத்தனை, எண்ணின் வகை, பெரும எண், சிறும எண் ஆகியவற்றை ஒரு தாளிலோ எழுத்துக் கோப்பிலோ குறித்துக்கொள்ளுங்கள். சரிபார்க்கும் போது இவைதான் கைகொடுக்கும். சாம்பிள் வேகம் 20 என்றால் ஒரு மணி நேரத்துக்கு 72,000 எண்கள் வர வேண்டும். முனைகளைச் சேர்ப்பதைப் பொறுத்து ஒன்று கூடக் குறைய இருக்கலாம். நூறு குறைந்தால் விசாரியுங்கள்.

ஒருமுறை வரைந்தும் பாருங்கள். மையப்புள்ளியிலிருந்து பல்லேகலை ஏறக்குறைய 1,750 கி.மீ. தூரம். பி அலை அங்கே போய்ச் சேர நான்கு நிமிடத்துக்குள்தான் ஆகும். அப்படியானால் 01:02க்குப் பிறகு கோடு ஆடத் தொடங்க வேண்டும். மாற்றிய பிறகும் அதே இடத்தில்தான் ஆட வேண்டும்.

படி 4: இடைவெளிகளை என்ன செய்வது

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். சாக் ஃபைல் இடைவெளியை ஏற்காது. ஆப்ஸ்பையில் மெர்ஜ் கொடுத்துத் துண்டுகளை ஒட்டினால், இடைவெளி இருந்த இடம் மறைத்த எண்களாக நிற்கும். அப்படியே எழுதச் சொன்னால் மறுத்துவிடும். உடனே எல்லோரும் தேடிப் பிடிப்பது ஃபில்-வால்யூ என்ற விருப்பம். அதில் பூஜ்யம் கொடுத்தால் பிழைச் செய்தி போய்விடும், ஃபைல் எழுதப்படும், மனமும் நிம்மதியாகும்.

ஆனால் நிலநடுக்கமானியின் எண்கள் பூஜ்யத்தைச் சுற்றி ஆடுவதில்லை. எதுவும் நடக்காதபோதும் சில நூறோ சில ஆயிரமோ தள்ளி ஒரு நிலையான மட்டத்தில் நிற்கும். அதன் நடுவே பூஜ்யத்தைச் செருகினால் செங்குத்தாக ஒரு பள்ளம், மீண்டும் ஒரு மேடு. ஃபில்டர் போட்டதும் அந்த இரண்டு விளிம்புகளும் நிலநடுக்கம் போலவே அதிரும். அலை வருகையைத் தானாகக் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்று பின்னால் காத்திருந்தால், அது இந்தப் போலி அதிர்வைத்தான் முதலில் பிடிக்கும்.

நான் சொல்வது இதுதான். இடைவெளி ஓரிரு சாம்பிள் என்றால் இன்டர்பொலேட் செய்து, அதாவது இருபக்க எண்களிலிருந்து கணித்து, நிரப்பலாம், ஆனால் எங்கே நிரப்பினோம் என்று குறித்து வைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் நிரப்பவே வேண்டாம். ஸ்ப்ளிட் கொடுத்துத் தனித்தனித் தொடர்ச்சிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி சாக் ஃபைலாக எழுதுங்கள். எம்சீட்2சாக் நிரலும் இப்படித்தான் செய்கிறது. ஃபைல்களின் எண்ணிக்கை கூடும், பரவாயில்லை. நிரப்பியே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தால், முதலில் சராசரியைக் கழித்துவிட்டு அப்புறம் நிரப்புங்கள். பள்ளத்தின் ஆழமாவது குறையும்.

துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருப்பதும் உண்டு. ஏறிய பகுதியில் இரண்டு பிரதிகளும் ஒன்றாக இருந்தால் கவலையில்லை. வேறுபட்டால் எது சரி என்று பார்த்து முடிவு செய்யுங்கள், நிரலிடம் விட்டுவிடாதீர்கள்.

படி 5: சாக் ஃபைலை எழுதுதல்

ரைட் கட்டளையில் ஃபார்மட் பெயராக சாக் கொடுத்தால் எழுதிவிடும். ஸ்ட்ரீமில் ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்ச்சி இருந்தால், நீங்கள் கொடுத்த பெயரின் பின்னால் 01, 02 என்று எண் போட்டுத் தனித்தனி ஃபைலாக்கும். அந்தப் பெயர்களை வைத்து எது எந்தச் சேனல் என்று சொல்ல முடியாது. சுழலில் ஒவ்வொன்றாக எழுதி, வலையமைப்பு, நிலையம், இடக்குறியீடு, சேனல், ஆண்டு, ஆண்டின் நாள் எண், நேரம் என்ற வரிசையில் நீங்களே பெயர் வையுங்கள். நாள் எண்ணில் கவனம்: 2004 லீப் ஆண்டு, டிசம்பர் 26 என்பது 361ஆவது நாள். சாதாரண ஆண்டில் அதே தேதி 360.

எழுதுவதற்கு முன் ஹெடர் பெட்டிகளை நிரப்ப வேண்டும். ஆப்ஸ்பையில் ஒவ்வொரு ட்ரேஸின் (ஒரு தொடர்ச்சியின்) விவரப் பகுதியான ஸ்டாட்ஸுக்குள்ளும் சாக் என்ற அகராதி ஒன்றை வைத்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். நிலையத்தின் அட்ச, தீர்க்க ரேகைகளும் உயரமும் ஸ்டேஷன்எக்ஸ்எம்எல்லிலிருந்து வரும். நிலநடுக்கத்தின் இடமும் ஆழமும் நிலநடுக்கப் பட்டியலிலிருந்து வரும். சுமத்ராவுக்கு மையப்புள்ளி 3.3 வடக்கு, 95.98 கிழக்கு. இரண்டு இடங்களும் இருந்தால் தூரத்தையும் திசைக்கோணத்தையும் சாக் தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

இரண்டு இடங்களில் அலகும் கோணமும் காலை வாரும். குவேக்எம்எல் என்ற ஃபார்மட்டில் வரும் நிலநடுக்கப் பட்டியலில் ஆழம் மீட்டரில் இருக்கும், சாக் பெட்டி கிலோமீட்டர் எதிர்பார்க்கும். 1000ஆல் வகுக்க மறந்தால் 30 கி.மீ. ஆழம் 30,000 கி.மீ. ஆகிவிடும், பூமியைத் துளைத்து மறுபக்கம் வந்து அதற்கும் அப்பால். இது சிரித்துவிட்டுத் திருத்தக்கூடிய தவறு, ஏனென்றால் கண்ணில் பட்டுவிடும்.

மற்றது கண்ணில் படாது. கருவியின் சாய்வை ஸ்டேஷன்எக்ஸ்எம்எல் கிடைமட்டத்திலிருந்து அளக்கிறது, கீழ்நோக்கி நேர்மறை. அதனால் மேல்நோக்கிய செங்குத்துச் சேனலுக்கு −90 என்று இருக்கும். சாக் மேல்நோக்கிய செங்குத்திலிருந்து அளக்கிறது. அதே சேனலுக்கு அங்கே 0, கிடைமட்டச் சேனல்களுக்கு 90. எனவே ஸ்டேஷன்எக்ஸ்எம்எல் எண்ணோடு 90ஐக் கூட்டித்தான் சாக் பெட்டியில் போட வேண்டும். அப்படியே நகலெடுத்தால் மூன்று சேனல்களையும் சுழற்றும் கட்டத்தில் எல்லாம் குழம்பும்.

கிடைமட்டச் சேனல்களின் பெயர் பிஎச்1, பிஎச்2 என்று இருந்தால் அவை சரியாக வடக்கையும் கிழக்கையும் பார்க்கவில்லை என்று பொருள். பெயரை மட்டும் பிஎச்என், பிஎச்இ என்று மாற்றி எழுதிவிடாதீர்கள். ஸ்டேஷன்எக்ஸ்எம்எல்லில் உள்ள திசைக்கோணத்தைக் கொண்டு சுழற்றிய பிறகே அந்தப் பெயருக்கு உரிமை.

நேரத்தின் நுணுக்கம்

சாக் ஹெடரில் ஒரு குறிப்பு நேரம் இருக்கும், மில்லிவினாடி வரை மட்டும். முதல் சாம்பிள் அந்தக் குறிப்பு நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது பி என்ற வேறொரு பெட்டியில் இருக்கும் (ஆங்கில B, பி அலையின் P அல்ல). மினிசீட் நேரம் வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை நுணுக்கமானது. மிச்சத்தை ஆப்ஸ்பை பி பெட்டியில் போட்டுவிடும். பிறர் எழுதிய சாக் ஃபைலில் குறிப்பு நேரம் நிலநடுக்கம் தொடங்கிய நேரமாகவும், பி நூற்றுக்கணக்கான வினாடியாகவும் இருக்கலாம். பி பெட்டியைப் பார்க்காமல் குறிப்பு நேரத்தையே தொடக்க நேரமாக எடுத்துக்கொள்ளும் சொந்த நிரல்கள் ஏராளம். அவற்றின் முடிவுகள் நிமிடக்கணக்கில் தவறும்.

சாம்பிள் இடைவெளியும் 32 பிட் எண்தான். 0.05 வினாடியை அதில் துல்லியமாக எழுத முடியாது, 0.05000000075 என்று நிற்கும். ஒரு மணி நேரப் பதிவில் இது பொருட்டல்ல. ஒரு நாள் பதிவில் 17,28,000 சாம்பிள்கள் சேரும்போது கடைசியில் ஏறக்குறைய 1.3 மில்லிவினாடி விலகும். பெரும்பாலான வேலைகளுக்கு இதுவும் பரவாயில்லை. நாட்கணக்கான பின்னணி இரைச்சலை ஒப்பிடுகிறவர்கள் மட்டும் ஃபைலைச் சிறிதாக வெட்டிக்கொள்வது நல்லது.

படி 6: சரிபார்த்தல்

முதல் சோதனைக்கு நிரலே வேண்டாம். சாக் ஃபைலின் அளவு 632 + 4 × சாம்பிள் எண்ணிக்கை. 72,000 சாம்பிள் என்றால் 2,88,632 பைட். ஃபைல் மேலாளரில் இந்த எண் தெரிந்தால் பாதி நிம்மதி. ஹெடரின் 7ஆவது பதிப்பில் எழுதிய ஃபைலென்றால் கடைசியில் இன்னும் 176 பைட் இருக்கும்.

இரண்டாவது, எழுதிய ஃபைலைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒவ்வொரு எண்ணாக ஒப்பிடுவது. நம்பையில் ஒரு வரி வேலை. 32 பிட் தசம எண் 1,67,77,216 வரையிலான முழு எண்களை அப்படியே வைத்துக்கொள்ளும். 24 பிட் பதிவுக்கருவி தரும் எண்கள் ஏறக்குறைய 84 லட்சத்துக்குள் அடங்கும். ஆகவே வித்தியாசம் பூஜ்யமாகவே வர வேண்டும், "கிட்டத்தட்ட பூஜ்யம்" போதாது. 24 பிட்டுக்கு மேல் போகும் கருவிகளில் மிகப் பெரிய எண்களின் கடைசி இலக்கம் மட்டும் மாறலாம்.

மூன்றாவது, படி 3இல் குறித்து வைத்த தொடக்க, முடிவு நேரங்களோடு ஒப்பிடுவது. நான்காவது, இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்து பார்ப்பது. கண் பிடிக்கும் சில தவறுகளை எண் பிடிக்காது.

பழைய சன் கணினிகளில் எழுதிய சாக் ஃபைல்களில் பைட் வரிசை தலைகீழாக இருக்கும். ஆப்ஸ்பை தானே கண்டுகொள்ளும். சொந்தமாகப் படிக்கும் நிரலில் ஹெடர் பதிப்பு எண் 6 வர வேண்டிய இடத்தில் 10,06,63,296 வந்தால் காரணம் இதுதான்.

கே-நெட் பதிவுகள்: பொறி அதிகம்

1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பான் நாடு முழுவதும் அமைத்த வலுநடுக்கப் பதிவு வலையமைப்பு கே-நெட். இதன் ஃபைல் வெறும் எழுத்துக் கோப்பு, எதில் வேண்டுமானாலும் திறக்கலாம். மேலே 17 வரி ஹெடர், கீழே எட்டெட்டு எண்களாக வரிசைகள். ஒரு நிலையத்துக்கு மூன்று ஃபைல்: கிழக்கு–மேற்கு, வடக்கு–தெற்கு, மேல்–கீழ். ஃபைல் பெயரிலேயே நிலையமும் நேரமும் இருக்கும். தோஹோகு நிலநடுக்கத்தின்போது மியாகி மாநிலத்தின் ட்சுகிடாடே நிலையம், எம்ஒய்ஜி004, பதிந்தது உலகப் புகழ் பெற்றது. வடக்கு–தெற்குத் திசையில் சுமார் 2,700 கேல், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் இரண்டே முக்கால் மடங்கு. அந்தப் பதிவை மாற்றுவதாக வைத்துக்கொள்வோம்.

எளிமையாகத் தெரிகிறதே என்று சொந்தமாக ஒரு நிரல் எழுதிப் படிக்க ஆரம்பிக்கிறவர்கள் வரிசையாக நான்கு குழிகளைச் சந்திப்பார்கள்.

நேரம் ஜப்பான் நேரம், யுடிசியைவிட 9 மணி முன்னே. ஃபைல் பெயரில் 1446 என்றால் யுடிசி 05:46. இதை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். கவனிக்காதது அடுத்தது: ஹெடரில் உள்ள பதிவு நேரத்தில் கருவியின் 15 வினாடித் தாமதம் சேர்ந்திருக்கிறது. முதல் சாம்பிளின் உண்மையான நேரம் வேண்டுமென்றால் அந்த 15 வினாடியைக் கழிக்க வேண்டும். பி அலைக்குப் பின்னால் வரும் எஸ் அலை 15 வினாடியில் 50 கி.மீ. ஓடிவிடும், இடம் கணிக்கும் வேலையில் இது என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். ஆப்ஸ்பையின் கே-நெட் படிப்பான் 9 மணியையும் 15 வினாடியையும் தானே கழித்துவிடுகிறது. அதைக் கொண்டு படித்துவிட்டு, கையாலும் ஒருமுறை கழித்துவிடாதீர்கள்.

அடுத்தது அலகு. ஃபைலில் இருப்பவை முடுக்கம் அல்ல, கருவியின் முழு எண்கள். ஸ்கேல் ஃபேக்டர் என்ற வரியில் 3920 கேல் / 6182761 போன்ற ஒரு பின்னம் இருக்கும், கருவிக்குக் கருவி அது மாறும். அந்தப் பின்னத்தால் பெருக்கினால்தான் கேல் கிடைக்கும். கேல் என்பது செ.மீ./வி², மீட்டரில் வேண்டுமென்றால் மேலும் 100ஆல் வகுக்க வேண்டும். எண்களில் நிலையான விலக்கமும் கலந்திருக்கும், சராசரியைக் கழித்துவிட்டுத்தான் பெருமத்தைப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் ஃபார்மட் மாற்றம் நிஜமாகவே கடிக்கும். ஆப்ஸ்பை அந்தப் பின்னத்தைக் கேலிப் என்ற இடத்தில், மீ/வி² கணக்கில், வைத்துக்கொள்கிறது. அந்த ட்ரேஸை அப்படியே மினிசீடாக எழுதினால் எண்கள் போகும், கேலிப் போகாது, ஏனென்றால் அதை வைக்க மினிசீடில் இடமே இல்லை. ஆறு மாதம் கழித்து மினிசீடைத் திறப்பவருக்கு எந்தப் பின்னத்தால் பெருக்குவது என்று தெரியவே தெரியாது. சாக்காக எழுதினால் ஸ்கேல் பெட்டியில் போய் உட்காரும், ஆனால் சாக் மென்பொருள் அந்தப் பெட்டியைக் கண்டுகொள்ளாது. எனவே படிக்கும்போதே அப்ளை-கேலிப் விருப்பத்தை இயக்கி, எண்களை மீ/வி² ஆக்கி, தசம எண்ணாகவே எழுதுவது பாதுகாப்பு. மினிசீட் தசம எண்களையும் ஏற்கும். அலகு என்ன என்பதை ஃபைல் பெயரிலோ கூடவே வைக்கும் குறிப்பிலோ எழுதிவிடுங்கள்.

நான்காவது குழி பெயர். கே-நெட் நிலையப் பெயரில் ஆறு எழுத்து, பழைய மினிசீடில் நிலையப் பெயருக்கு ஐந்தே இடம். சாக்கில் எட்டு இடம் இருப்பதால் அங்கே சிக்கல் இல்லை. மினிசீடுக்குப் போகும்போது பெயரைச் சுருக்கும் விருப்பம் ஆப்ஸ்பையில் உண்டு. எந்தப் பெயர் எதுவாக மாறியது என்ற பட்டியலை ஒதுக்கிவைக்காமல் அதைப் பயன்படுத்த வேண்டாம். மினிசீடின் 3ஆவது பதிப்பு நீளப் பெயர்களை ஏற்கிறது.

நல்ல விஷயம் ஒன்றும் இருக்கிறது. கே-நெட் ஹெடரிலேயே பெரும முடுக்கம் கேலில் எழுதியிருப்பார்கள். நீங்கள் மாற்றிய ஃபைலில் சராசரியைக் கழித்து, பெருக்கி, பெருமத்தை எடுத்தால் அதே எண் வர வேண்டும். எம்ஒய்ஜி004இன் வடக்கு–தெற்கு ஃபைலில் உங்களுக்கு 27 மீ/வி² அருகே வந்தால் சரி. 0.27 வந்தால் நூறால் இரண்டு முறை வகுத்திருக்கிறீர்கள். இப்படி விடையோடு வரும் ஃபார்மட் அபூர்வம். பயிற்சிக்கு இதைவிட நல்லது இல்லை.

திரும்பும் வழி: சாக்கிலிருந்து மினிசீடுக்கு

சாக் எண்கள் தசம எண்கள். ஸ்டைம் சுருக்கம் முழு எண்களுக்குத்தான். சுருங்கிய சின்ன ஃபைல் வேண்டும் என்று எண்களை 32 பிட் முழு எண்ணாக மாற்றும் முன், அவை மூல எண்கள்தானா என்று பாருங்கள். கருவியின் விளைவை நீக்கி (கருவியின் எண்களை உண்மையான நில அசைவாக மாற்றி) மீ/வி ஆக்கிய பதிவில் எண்கள் 0.0000003 போல இருக்கும். அவற்றை முழு எண்ணாக மாற்றினால் எல்லாமே பூஜ்யம். நிரல் வெற்றிகரமாக ஓடும், ஃபைலும் அற்புதமாகச் சுருங்கும், உள்ளே ஒன்றுமே இருக்காது.

பழைய சாக் ஃபைல்களில் வலையமைப்புப் பெயரும் இடக்குறியீடும் காலியாக இருப்பது சகஜம். எழுதுவதற்கு முன் நிரப்பிவிடுங்கள். நிலநடுக்கத்தின் இடம், யாரோ குறித்து வைத்த பி, எஸ் அலை நேரங்கள் எல்லாம் மினிசீடுக்குப் போகாது. குறித்த அலை நேரங்கள் ஒருவரின் நாள்கணக்கான உழைப்பு, அவற்றைக் குவேக்எம்எல் ஃபைலாகத் தனியே எடுத்து வையுங்கள்.

கருவியின் விளைவை நீக்குவது ஃபார்மட் மாற்றத்தின் பகுதி அல்ல. மூல எண்களை முதலில் மாற்றி, சரிபார்த்து, பிறகு அதைத் தனியாகச் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: கருவியின் ரெஸ்பான்ஸை விவரிக்கும் சாக் துருவ–பூஜ்ய ஃபைலைக் கொண்டு நீக்கினால் இடப்பெயர்ச்சி கிடைக்கும். ஆப்ஸ்பையில் ஸ்டேஷன்எக்ஸ்எம்எல் கொண்டு நீக்கினால், வேறு எதுவும் கேட்காதபோது, திசைவேகம் கிடைக்கும். இரண்டையும் ஒப்பிட்டு "மாற்றத்தில் தவறு" என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

செக்-ஒய், ஜிஎஸ்இ2, எக்செல்

செக்-ஒய் எண்ணெய்த் தேடலுக்காக 1975இல் வந்தது. 3200 பைட் எழுத்து ஹெடர், 400 பைட் இருமை ஹெடர், ஒவ்வொரு தடத்துக்கும் 240 பைட். சாம்பிள் இடைவெளியை மைக்ரோவினாடியில், 16 பிட் எண்ணாக எழுதும். அதன் உச்சவரம்பு 32,767. நம் பல்லேகலைப் பதிவின் இடைவெளி 50,000 மைக்ரோவினாடி, சாம்பிள் எண்ணிக்கை 72,000, இரண்டுமே அதில் அடங்காது. தடத்தின் நேரமும் வினாடி வரை மட்டுமே. வெடி வைத்து எடுக்கும், சில வினாடிகளே ஓடும் பதிவுக்கான ஃபார்மட்டில் நிலநடுக்கப் பதிவைத் திணிப்பதே தேவையில்லாத வேலை. 2017இல் வந்த இரண்டாம் திருத்தம் வரம்புகளைத் தளர்த்தியிருக்கிறது, ஆனால் படிக்கும் மென்பொருளும் புதிதாக இருக்க வேண்டும். கட்டுமானத் தள ஆய்வுக் கருவிகள் தரும் செக்-2 ஃபைலை ஆப்ஸ்பை படிக்கும், எழுதாது.

ஜிஎஸ்இ2 அணுகுண்டுச் சோதனைக் கண்காணிப்பிலிருந்து வந்தது. எண்களை அச்செழுத்துகளாகச் சுருக்கி வைப்பதால் மின்னஞ்சலில் அனுப்ப முடிந்தது, அந்தக் காலத்து வசதி. கடைசியில் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கும். பழைய காப்பகத்தில் கிடைத்தால் படித்து மினிசீடாக்கி வைத்துக்கொள்ளுங்கள், புதிதாக இதில் எழுத ஒரு காரணமும் இல்லை.

வகுப்பில் மாணவர்களுக்குக் காட்ட எக்செல்லில் திறக்க வேண்டுமா? ஆப்ஸ்பையின் டிஎஸ்பேர் ஃபார்மட் ஒரு வரிக்கு ஒரு நேரம், ஒரு எண் என்று எழுதித் தரும். ஒரு மணி நேரப் பதிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எக்செல் தாளில் 10,48,576 வரிகள்தான் உண்டு, ஒரு நாள் பதிவின் பிற்பகுதி அதில் ஏறாது. எக்செல்லில் திறந்து சேமித்த ஃபைலை மீண்டும் மினிசீடாக்கும் யோசனையும் வேண்டாம். நேரத்தின் கடைசி இலக்கங்களை அது தன் இஷ்டத்துக்கு வெட்டிவிடும்.

மொத்தமாக மாற்றும்போது

ஒரு ஃபைலில் எல்லாச் சோதனையும் தேறிய பிறகே நூறு ஃபைலுக்குச் சுழல் எழுதுங்கள். சுழலுக்குள்ளும் சோதனைகளை வையுங்கள்: சாம்பிள் எண்ணிக்கை, தொடக்க நேரம், எண்களின் வித்தியாசம். தேறாத ஃபைலை எழுதாமல், அதன் பெயரை மட்டும் ஒரு பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். நூறில் நான்கைந்து அந்தப் பட்டியலில் வந்து நிற்கும், பெரும்பாலும் இடைவெளி விழுந்தவையாகவோ பதிவின் நடுவே சாம்பிள் வேகம் மாறியவையாகவோ இருக்கும். அவற்றைக் கையால் பாருங்கள்.

மாற்றிய ஃபைலை இன்னொருவருக்கு அனுப்பும்போது ஸ்டேஷன்எக்ஸ்எம்எல்லையும் சேர்த்து அனுப்புங்கள். கூடவே ஒரு சிறு எழுத்துக் கோப்பு: மூல ஃபைல் எங்கிருந்து வந்தது, ஆப்ஸ்பையின் எந்தப் பதிப்பில் மாற்றியது, எண்களின் அலகு என்ன, இடைவெளிகளை என்ன செய்தீர்கள், கருவியின் விளைவை நீக்கியாயிற்றா இல்லையா. ஐந்து வரி போதும்.